கரையாத புற்று

ஆம்பூரில் மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் மண்சுவர் விழுந்தது, ரோடு போனது, புகழேந்தி செய்த பாம்புப் புற்று மட்டும் அசையவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

புகழேந்தி ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவன். பகலெல்லாம் பசை நாற்றத்தைக் குடித்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டின் பின்ஜன்னல்தான் உயிர். அந்தப் பக்கம் அடுத்த தெருக்காரர்கள் மூன்று பேருடைய தோட்டங்கள். வேம்பும் வாழையுமாகக் காற்று வரும். அவற்றை வாங்கி, அவன் ஜன்னலை அடைத்துக்கொண்டு நாலு மாடி கட்டப்போவதாக பில்டர் பாண்டியன் வந்து நின்ற நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனு போட்டான். மனுவுக்கு ரசீது கிடைத்தது.

கடைசியில் ஒரு விடியற்காலை சுவரேறிக் குதித்து, அந்த மூன்று பேரில் ஒருத்தியான கோவிந்தம்மாளின் தோட்டத்து மூலையில் செம்மண்ணைக் குழைத்துப் புற்று எழுப்பி, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டான். புற்று இருக்கிற இடத்தில் எவன் கடைக்கால் தோண்டுவான்? கைப்பழக்கம் விடுமா, மண்ணோடு சோல் ஒட்டுகிற பசையையும் தாராளமாகக் கலந்திருந்தான்.

மழை விட்டதும் கூட்டம் வந்தது. அவன் மனைவி மேகலாவே பாலும் முட்டையுமாகக் கிளம்பினாள்.

"நீ எதுக்கு போற?"

"இன்னா இப்படி கேக்கறீங்க? மூணு நாள் மழையில கரையல. கிட்ட போனா தாழம்பூ வாசன அடிக்குதாம்."

அது எந்த டப்பாவின் வாசனை என்று புகழேந்திக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கோவிந்தம்மாள் வந்துவிட்டாள். அவள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்பவை. தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் வீட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

"ஒரே பேஜாரா இருக்குது தம்பி. காலையிலருந்து முந்நூறு பேரு என் சமையல்கட்டு வழியா போயிட்டாங்க. இட்லி குண்டான் மேல ஒருத்தி சூடம் ஏத்திட்டா. கடப்பாரை இருந்தா குடு, இடிச்சிடறேன்."

புகழேந்தி கடப்பாரையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினான். "அம்மன் விஷயம்கா. இடிக்கலாமா?"

"அப்போ ஜனம் எப்படி போறது? உன் தலை மேலயா?"

அவன் வீட்டை ஒட்டி, தெருவிலிருந்து பின்சுவர் வரை இருபதடி அகலத்தில் காலி இடம் கிடந்தது. மகளுக்கு ரூம் கட்ட வைத்திருந்த இடம்.

"என் பக்கமா வரட்டும்," என்றான். "பொதுவழின்னு எழுதியே குடுத்துர்றேன்."

எழுதிக் கொடுத்தான். பின்சுவரைத் தன் கையாலேயே இடித்தான். மகளுக்கு ரூம் எங்கே என்று மேகலா சண்டை பிடித்தாள். கவுன்சிலர் மட்டும் மாலை போட்டு, ஒரே மாதத்தில் சிமெண்ட் ரோடு போட்டுக் கொடுத்தார். புற்று கோயிலாகிவிட, அதன் ஸ்பீக்கருக்குப் பயந்து பின்ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் மாடி வரவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஒரு திங்கட்கிழமை அதே ரோட்டில் ஜேசிபி வந்தது. பின்னாலேயே பாண்டியனும், அளவு நாடாவோடு அவர் ஆள் சின்னசாமியும்.

புகழேந்தி ஓடிப்போய் மறித்தான். "புத்து இருக்கிற எடத்துல கட்டுவீங்களா?"

"அது ஓரமாத்தானே இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் பாண்டியன், பயபக்தியோடு. "பில்டிங்குக்கே நாகாத்தம்மன் பேருதான் வெச்சிருக்கோம்."

சின்னசாமி நாடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புகழேந்தியை மனசாரக் கும்பிட்டான்.

"உள்ள போக வழியில்லன்னு முனிசிபாலிட்டில மூணு தடவ பிளானத் திருப்பிட்டாங்க, நாங்க இந்த எடத்தையே கைகழுவிட்டோம் சார், நீங்க வழி எழுதிக் குடுத்தப்புறம்தான் அப்ரூவலே வந்துச்சு."