உப்பு போட்ட பதிவேடு

கலியமூர்த்தி பீரோவைத் திறந்ததும் பொலபொலவென்று மண் கொட்டியது. கரையான்! பழைய பிறப்புப் பதிவேட்டின் முதுகைத் தின்றுவிட்டு, உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

உப்பளத்தை ஒட்டிய அந்தச் சின்னப் பேரூராட்சி ஆபீசில் பழைய ஆவணங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "நம்ம ஆபீஸ்ல இல்லைங்கற பேச்சே கிடையாது" என்பது அவர் பெருமை. பெற்ற பிள்ளைகளைவிட அந்த பீரோமேல்தான் அவருக்குப் பாசம் அதிகம் என்று வீட்டில் புகார் உண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் அமுதவல்லி வந்து நின்றாள். உப்பு வாரி வாரி முழங்கால் தேய்ந்தவள். வயதுக்கு அத்தாட்சி இல்லாமல் அவளுடைய முதியோர் பென்ஷன் நின்று கிடந்தது.

"சார், என் பொறப்பு விஷயமா..."

"இருக்குதுக்கா! எங்க போயிடப் போவுது? அடுத்த வாரம் வாங்க."

"தாலுக்கா ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னா..."

"அவங்க கெடக்கறாங்க. நான் தர்றேன், போங்க."

அவள் போனதும் உதவியாளர் கொளஞ்சியைக் கூப்பிட்டார். "ஏம்பா, கருவாட்ட என்னிக்காவது கரையான் அரிச்சுப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க சார்."

"ஏன்? உப்பு! நம்ம ஊர்ல இல்லாத உப்பா?"

இரண்டு சாக்கு உப்பு பீரோவுக்குள் போனது. கரையான் நிஜமாகவே ஓடிவிட்டது. ஆனால் மழைக்காற்று அடித்ததும் உப்பு கசிய ஆரம்பித்தது. அடுத்த வாரம் திறந்து பார்த்தால் பதிவேடு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

வாசலில் அமுதவல்லி.

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இருக்குதுக்கா! கொஞ்சம் ஈரமா இருக்குது, அவ்ளோதான்."

"அது இல்லீங்க சார்..."

"இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க!"

வெயில் வந்ததும் பதிவேட்டைத் தாள் தாளாகப் பிரித்து உப்பளத்து வரப்பில் காய வைத்தார்கள். பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் உப்புக்கட்டி வைத்தது கொளஞ்சியின் யோசனை. கடற்காற்று அதையெல்லாம் மதிக்கவில்லை. தாள்கள் எழுந்து பறந்து பாத்தித் தண்ணீரில் போய் இறங்கின.

"அய்யோ, அறுபத்துநாலாம் வருஷம் போவுதே! புடிப்பா!" என்று கத்திக்கொண்டே கலியமூர்த்தி பேன்ட்டோடு பாத்தியில் பாய்ந்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

பிடித்த தாள்களில் மை கரைந்திருந்தது. யார் பிறந்தார்கள், யாருக்குப் பிறந்தார்கள், எல்லாம் ஒரே நீலம்.

வரப்பில் உட்கார்ந்த கலியமூர்த்திக்கு அழுகை வந்துவிட்டது. கரையான்கூட முதுகோடு விட்டிருக்கும். ஒருத்தி பிறந்தாள் என்பதற்கு அரசாங்கத்திடம் இருந்த சாட்சியைத் தன் கையாலேயே கரைத்துவிட்டோமே! காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று ஓடியதில், முதல் நாளே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? பூட்டி வைத்ததையே வேலை என்று நினைத்து இத்தனை வருடம் சம்பளம் வாங்கிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் அமுதவல்லி வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. உங்க பொறப்புப் பதிவு எங்ககிட்ட இல்லை."

வாயால் சொன்னால் போதாது என்று, இவருடைய பிறப்புப் பதிவு இவ்வலுவலகத்தில் இல்லை என எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

"இத வெச்சு எம்மேல கம்ப்ளைன்ட் குடுங்க. நான் ஏத்துக்கறேன்."

அமுதவல்லி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தாளைப் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதத்தான் சார் மொத நாளே கேக்க வந்தேன். உப்பளத்துக் கொட்டாயில பொறந்தவ நான், யாரும் எழுதியே வெக்கல. இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வா, வயசு நாங்க போட்டுத் தர்றோம்னு தாலுக்கா ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்கதான் இருக்குது இருக்குதுன்னே தொரத்தி வுட்டுட்டீங்க!"