பீரோவும் ஈர்க்குச்சியும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். மாமாவிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துப் போடாதீர்கள், மாமா துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் படித்துவிடுவார். அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உடம்பைத் தவிர வேறு எதுவும் நன்றாக இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் போன் கடையில் இருக்கிறது, கடையில் அப்பா இருக்கிறார். அதனால் எல்லோரும் படுத்த பிறகு, பழுதான தராசுகளைப் போட்டு வைக்கும் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வேறு இடம் இல்லாததால் ஒரு மேடைத் தராசின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். முள் முப்பத்தெட்டில் நிற்கிறது. பயத்துக்கு எடை இல்லை போலிருக்கிறது, இருந்திருந்தால் இந்தத் தராசு உடைந்திருக்கும்.

எல்லாம் ஒரு பத்திரிகைக் கேள்வியால் வந்தது. எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்று விளையாட்டுப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சித்தப்பா அதைச் சத்தமாகப் படித்தார். ஐம்பது கிலோகூட இல்லாத அந்தச் சின்ன வீரன்தான் என்று அப்பா சொன்னார். நூற்றுப்பத்து கிலோ இருக்கும் அந்தப் பெரிய வீரன்தான் என்று சித்தப்பா சொன்னார். அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் இருவருமே தராசு பழுதுபார்ப்பவர்கள், எடையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் விடவே மாட்டார்கள்.

"நாம என்னடா செய்றோம்? முதல்ல காலி டப்பாவ வெச்சு அந்த எடையக் கழிக்கிறோம். அப்புறம்தான் சரக்கு. உடம்புங்கறது டப்பா. அதக் கழிச்சுட்டுப் பாரு, சின்னவன்தான் நிப்பான்" என்றார் அப்பா.

"டப்பாவக் கழிச்சுட்டா அப்புறம் குத்துறது யாருண்ணே? ரெண்டு பேரையும் ஒரே மேடையில ஏத்துங்க. உங்க ஈர்க்குச்சியக் கூட்டி அள்ள முறம்தான் வேணும்."

"அப்படிப் பாத்தா உலகத்துலயே நல்ல குத்துச்சண்டைக்காரன் யானைதான். உன் ஆளு ஒரு பீரோ. நகத்தணும்னா நாலு பேரு வேணும்."

அப்பா ஒல்லி, குட்டை. சித்தப்பா வாசலில் நின்றால் கடைக்குள் வெளிச்சம் வராது. உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போது சித்தப்பா, "முன்னாடி பொறந்துட்டா பெரியவன்னு அர்த்தமில்ல" என்றார். குத்துச்சண்டையைப் பற்றித்தான் சொன்னேன் என்று பிறகு சொன்னார். ஆனால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரு தராசைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கல்லை வைக்க, இன்னொருவர் முள்ளைப் படிக்க. அப்பா, "இருபது வெச்சிருக்குன்னு சொல்லு பாப்பா" என்பார். மூன்றடி தள்ளி நிற்கும் சித்தப்பா காது கேளாதவர் மாதிரி நிற்பார். "இருபதாம், சித்தப்பா" என்பேன். "பத்தொம்போதே முக்கால் காட்டுதுன்னு சொல்லு கண்ணு" என்பார். இப்படியே நான் பள்ளியிலிருந்து வந்ததும் நடுவில் நிற்கிறேன், வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்பிலும் நிற்கிறேன். வாடிக்கையாளர்களையும் இவர்கள் விடவில்லை. தங்கள் கட்சிக்காரர் என்றால் தராசு மறுநாளே கிடைக்கும், எதிர்க்கட்சி என்றால் அடுத்த வாரம். காய்கறிக்கார அம்மா மட்டும், "ரெண்டு வீரனுங்கள்ல எவனாவது என் தராச வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து தருவானா? அவனுக்கே என் ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய தராசு இன்னும் கழற்றியபடியே கிடக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை, அத்தை. போன வாரம் சித்தப்பா தனி வீடும் தனிக் கடையும் பார்த்துவிட்டு வந்தார். நகரத்தின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாற வேண்டும். சித்தி அட்டைப்பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிடுவது சித்திதான். இரவில் பயந்து எழுந்தால் நான் போய்ப் படுப்பதும் அவர் பக்கத்தில்தான். சித்தி போய்விட்டால் நானும் அப்பாவும் நாற்பது தராசுகளும்தான் இந்த வீட்டில் இருப்போம். அப்பாவுக்கு இரட்டைப் பின்னல் தெரியாது. கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது, கேட்டால் அவர் அழுதுவிடுவாரோ என்று.

அதனால்தான் பொய் சொன்னேன். எண்களைத்தானே சுமந்துகொண்டிருந்தேன், கூடவே ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டேன். சித்தப்பாவிடம் போய், "தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பெரியவன்தான் சிறந்தவன்னு அப்பா சொன்னாரு" என்றேன். அப்பாவிடம் போய், "அண்ணன் சொன்னதுதான் சரி, சின்னவன்தான்னு சித்தப்பா சொன்னாரு" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தப்பா திருப்புளியைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

மறுநாள் மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்கு விடுமுறை, பரிமாறியது நான்தான். முதலில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுப் பாத்தேன்டா. பெரியவன்தான்" என்றார்.

"சே சே, சின்னவன்தாண்ணே. நீங்க சொன்னதுதான் சரி."

"இல்லடா, எடைய எப்படிக் கழிக்க முடியும்? நீ சொன்னதுதான்."

"கழிக்கலாம்ணே. கழிக்கணும். காலி டப்பாவக் கழிக்காம எவனாவது நிறுப்பானா?"

"நான் விட்டுக்கொடுக்கறேன்ல, எடுத்துக்கயேன்."

"நீங்க என்ன விட்டுக்கொடுக்கறது? நான்தான் விட்டுக்கொடுக்கறேன்."

சோறு ஆறுவதற்குள் குரல் ஏறிவிட்டது. அப்பா, "அந்த ஈர்க்குச்சி ஒரு ஆளா?" என்று கேட்டார். சித்தப்பா, "பீரோவுக்குக் கொடி பிடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டார். இதுவரை அவரவர் வீரனுக்காகச் சண்டை போட்டவர்கள், இப்போது அடுத்தவர் வீரனுக்காக முன்னைவிட மூர்க்கமாகச் சண்டை போடுகிறார்கள். முன்பாவது ஒருவர் பிடிவாதக்காரர் என்று இன்னொருவர் நினைத்தார். இப்போது தன்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் சாமான்களை ஏற்ற வண்டி வருகிறது.

நேற்று தாத்தாவின் எடைக்கல் பெட்டியையும் பிரித்துவிட்டார்கள். பாதிப் பெட்டியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது என்று எனக்கே தெரியும். பெரிய கற்கள் எனக்கு என்று அப்பா சொன்னார், இப்போது அவர் பெரியவன் கட்சி. சின்னக் கற்கள் போதும் என்று சித்தப்பா சொன்னார், அவர் சின்னவன் கட்சி. இந்த ஒன்றில்தான் சண்டையே வரவில்லை. நகைக்கடைத் தராசுகளைப் பழுதுபார்க்கும் அப்பாவிடம் இருபது கிலோ இரும்புக் கற்கள் இருக்கின்றன. லாரி நிறுக்கும் எந்திரங்களைப் பார்க்கும் சித்தப்பாவிடம் மூச்சு விட்டால் பறக்கும் மில்லிகிராம் எடைத் தகடுகள் இருக்கின்றன. இரண்டு பேரும் தொழிலை எப்படி நடத்துவார்கள் என்று தெரியவில்லை.

ஆகவே, அத்தை, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நீங்கள் வர வேண்டும். நான் எழுதியதாகச் சொல்லாமல், சும்மா வந்ததுபோல் வாருங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. வாசலில் நின்று ஒருமுறை இருமினால் போதும், இருவரும் எழுந்து நிற்பார்கள். இப்போதும் உங்களிடம் அடி விழும் என்று பயப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சித்தியிடம் மட்டும், அட்டைப்பெட்டிகளை ஏன் கட்டினாய் என்று கேளுங்கள்.

உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன். மாமாவுக்கு என் வணக்கம், ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் தம்பி மகள்

பி.கு.: அத்தை, மேலே எழுதியபடி எதுவும் செய்ய வேண்டாம். வரவும் வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. சித்தியின் குரல்: "உங்க அண்ணன் வாயில 'தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு'ன்னு வந்திருக்குமா? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது வந்திருக்கா? எனக்கு அப்பவே சந்தேகம்." அதன் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் வெகுநேரம் மெதுவாகப் பேசினார்கள், நான் நடுவில் இல்லாமலே. பிறகு அப்பா, "முதல்ல கல்லையெல்லாம் ஒண்ணாப் பெட்டியில வை. அப்புறம் இவளப் பாத்துக்கலாம்" என்றார். சித்தி அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளை உரிக்கும் சத்தமும் கேட்டது. இப்போது படியில் இரண்டு பேரின் காலடி. விளக்கை அணைத்தால் எழுத முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள்.

"நம்ம ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல சாய்ச்சுட்டாளேண்ணே."

"எத்தனை கிலோடா இருப்பா?"

"போன மாசம் நிறுத்தப்ப முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டுதானா."

அதன் பிறகு அப்பா பேசவில்லை. கோபம் வந்தாலும் அவர் இப்படித்தான் பேசாமல் நிற்பார், சிரிப்பை அடக்கினாலும் இப்படித்தான். எது என்று கதவு வழியாகத் தெரியவில்லை, அத்தை. தட்டுகிறார்க