சாரைப்பாம்பின் இருபது முழம்

ஒரு காட்டில், மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வாங்காமல் கல்யாணச் சாமான் எதுவும் எடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சட்டம் பேசிய காலத்தில், அஞ்சலை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். ரொம்பக் கூச்சக்காரி. ரேஷன் கடையில் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கடை சாத்தினதும் வெறும் பையோடு வீட்டுக்கு வருவாள்.

அவள் மகள் பட்டுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பட்டுவைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியத்துக்குத்தான் குறை.

"பொண்ணு லட்சணந்தான். முள்ளுதான் ஜாஸ்தி," என்றாள்.

தனபாக்கியமும் முள்ளம்பன்றிதான். அவள் முதுகில் இருந்ததும் முள்தான். அதை யார் போய்ச் சொல்வது?

"ஒண்ணு பண்ணுங்க சம்பந்தி. தலையிலேர்ந்து வால் வரைக்கும் மல்லிப்பூ வச்சு மறைச்சிடுங்க. இருபது முழம் வாங்கினாப் போதும். போட்டோவுல ஒரு முள்ளு தெரிஞ்சாலும் கல்யாணத்தை நிறுத்திடுவேன், ஆமா!"

"சரிங்க," என்றாள் அஞ்சலை. அவளுக்குச் சரளமாக வருகிற ஒரே வார்த்தை அதுதான்.

கடைவீதிக்குப் போனாள். அணில் கடையில் பூ மலிவு. "முழம் போடறேன், பாருக்கா," என்று அணில் தன் கையை நீட்டி அளந்தது. அந்த முழம் ஒரு முள்ளைச் சுற்றவே காணாது.

குரங்கு கடையில் முதல் முழம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வந்தது. இரண்டாவது முழம் மணிக்கட்டிலிருந்து வந்தது. அஞ்சலை பார்த்துவிட்டாள்.

"என்னக்கா முறைக்கிறே? காலையிலேர்ந்து அளந்து அளந்து கை சுருங்கிடுச்சு," என்றது குரங்கு.

மூன்றாவது, சாரைப்பாம்பு கடை. ஈ, காக்கை இல்லை. "வெறுங்கையே முழம் போடாதாம். கையே இல்லாதவன் எங்கேருந்து போடுவான்?" என்று குரங்கு கத்திச் சிரித்தது. அஞ்சலைக்கு அந்தக் கடைதான் பிடித்தது. கூட்டமில்லை, இடிபடாமல் நிற்கலாம்.

"வா தங்கச்சி, எத்தனை முழம்?"

"இ... இருபதுண்ணே."

சாரை சொன்ன விலையும் அணில் சொன்ன விலைதான். 'உங்க முழம் எவ்வளவு?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கை இல்லாதவரிடம் கையைப் பற்றி எப்படிக் கேட்பது? மனசு நோகாதா?

"சரிங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். கையே இல்லையே, முழமும் இல்லாமல் போனால் மகள் கல்யாணம் நின்றுவிடுமே!

கல்யாணத்தன்று காலையில் எட்டு யானை மேல் பூ வந்து இறங்கியது.

"என்னண்ணே இது?"

"உன் இருபது முழந்தாம்மா. எனக்குக் கை ஏது? தலையிலேர்ந்து வால் நுனி வரைக்கும் ஒரு முழம்னு வச்சிருக்கேன். முதல் யானை மேல இருக்கறது இருபது முழம். மத்த ஏழும் கொசுறு. கடை திறந்ததிலேர்ந்து நீதான் முதல் போணி!"

போதும் என்று சொல்ல அஞ்சலைக்குக் கூச்சம். சுற்றிக்கொண்டே இருந்தார்கள். முதலில் முள் மறைந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் பட்டு. அப்புறம் மணை.

தனபாக்கியம் பூக்குவியலை மூன்று சுற்று சுற்றி வந்தாள். "ஒரு முள்ளுகூடத் தெரியலையே! என் கண்ணே பட்டுடும் போலிருக்கே!"

"பொண்ணைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க," என்றது போட்டோ எடுத்த கொக்கு.

"வெக்கப்படுறா. விடுப்பா," என்றாள் தனபாக்கியம்.

மாப்பிள்ளை தாலியோடு குவியலுக்குள் கையை விட்டான். தலையை விட்டான். முழுசாக உள்ளே போய், பின்பக்கமாக வெளியே வந்தான். அங்கே பந்தியில் பட்டு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன புள்ளே, இங்க வந்துட்டே?"

"பசிச்சுது. ஏன், முள்ளு தெரியுதா?"

"என் முள்ளுந்தான் தெரியுது. நகந்து உக்காரு."

ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில் தாலியைக் கட்டினான். முன்பக்கத்தில் கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் பூக்குவியல் மேல் அட்சதை போட்டார்கள்.

அஞ்சலை இரண்டு பக்கமும் பார்த்தாள். சம்பந்தியிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"என் மருமகளை நான் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி," என்றாள் தனபாக்கியம், குவியலைத் தடவிக்கொண்டே.

"சரிங்க," என்றாள் அஞ்சலை.

"மருமகள்னா இவதான்! எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. வீடே மணக்குது," என்று தனபாக்கியம் இரண்டு நாள் காடு முழுக்கச் சொன்னாள். மூன்றாம் நாள், "கொஞ்சம் வாடினாப்பல இருக்காடா. அம்மா வீட்டு நினைப்பு போலிருக்கு," என்றாள் மகனிடம்.

"நான் போய் அவங்க வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வந்தா சரியாயிடும்மா," என்று மகன் ஒரே ஓட்டமாக ஓடினான். பட்டு அங்கே கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சாரை கடையில்தான் கூட்டம். குரங்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பூ விற்கிறது.

நீதி: பெண் கண்ணில் படுகிற வரைக்கும்தான் அவள் குறையும் கண்ணில் படும். ஆகவே பூவை மணையில் வை; பெண்ணைப் பந்திக்கு அனுப்பு.