தட்டில் முள் வைத்த வழக்கு

கொடைக்கானலில் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை உண்டு என்பது அனைவரும் அறிந்ததே. அத்தடையைக் கட்டிக்காக்கும் மகத்தான பொறுப்பு, தட்டு ஒழிப்புப் பிரிவின் அலுவலர் குருநாதனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கும் ஜலீல் பாயின் கடைக்கு ஒருநாள் அவர் வந்தபோது, உள்ளே ஓர் அலமாரியில் ஒட்டியிருந்த அட்டை கண்ணில் பட்டது: ‘இசைத்தட்டுகள். தொடாதீர்கள்.’

“தட்டுன்னு எழுதியே வச்சிருக்கீங்களே பாய்! என்ன தைரியம்?”

“இது பாட்டுத் தட்டுங்க சார். முந்நூத்திப் பன்னெண்டு இருக்கு. வெள்ளனே கடை தெறந்ததும் ஒண்ணு போட்டாத்தான் எனக்குச் சோலியே ஓடும்.”

“எதுல செஞ்சது?”

“பிளாஸ்டிக் மாதிரிதாங்க.”

“தட்டுல என்ன வைப்பீங்க?”

“முள்ளு வைப்போங்க.”

குருநாதன் எழுதிக்கொண்டார்: ‘மீன் பரிமாறப்படுகிறது.’

“ஐயய்யோ, மீன் இல்லங்க. இந்தா, இந்தப் பாட்டுப் பெட்டியில இருக்க முள்ளு…”

“முள்ளை ஒத்துக்கிட்டீங்க. மீனை அப்புறம் பேசுவோம்.”

முந்நூற்றுப் பன்னிரண்டும் ஜீப்பில் ஏறின. பெட்டி மட்டும் மரத்தாலானது என்பதால் தப்பியது.

அலுவலகத்தில் விஞ்ஞானப்பூர்வமான சோதனை நடந்தது. ஒரு தட்டை மேசைமேல் வைத்துச் சாம்பார் ஊற்றினார்கள். சாம்பார் நடு ஓட்டை வழியாகக் கோப்புகளுக்குள் இறங்கியது. அறிக்கை தயாரானது: ‘அனைத்துத் தட்டுகளிலும் ஓட்டை. உபயோகத்துக்கு லாயக்கற்றவை. தூளாக்கித் தாரில் கலந்து கூக்கால் சாலைக்குப் போடலாம்.’

ஜலீல் பாய் அலுவலகத்துக்கு ஓடினார். “சார், பாட்டெல்லாம் அழிஞ்சிருமே!”

“எப்படி அழியும்? டிஜிட்டல் பண்ணியாச்சு பாய்.”

உண்மைதான். ஒவ்வொரு தட்டையும் முன்னும் பின்னும் படமெடுத்து இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள்.

“சத்தம் வரலையேங்க?”

“மழைக்கு டவர் இல்ல. வரும்.”

பாயின் மகள் அப்ரின் கல்லூரி மாணவி. அத்தா வெறும் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் அலுவலக வாசலில் இருநூறு பேர், இசைத்தட்டுப் படம் போட்ட பனியனோடு, ‘எங்கள் தட்டு எங்கள் உரிமை’ என்று முழங்கினார்கள். சோற்றுக்குத்தான் போராடுகிறார்கள் என்று எண்ணி யாரோ பன் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலும் தட்டைச் சுழற்றும் பெட்டி இல்லை.

நிர்வாகம் இறங்கி வந்தது. ஆணை பிறந்தது: ‘சுவரில் மாட்டப்பட்ட தட்டு அலங்காரப் பொருள், தடை பொருந்தாது. சுழன்றால் பொருந்தும். காலிச் சுவர் காட்டுவோரிடம் மட்டுமே ஒப்படைக்கப்படும்.’

ஜலீல் பாயிடம் சுவர் இல்லை. மூன்று பக்கமும் தைலப் புட்டிகள். நான்காவதில் பிளாஸ்டிக் ஒழிப்பு அறிவிப்பு, பளபளக்கும் ஃப்ளெக்ஸில். அதை மறைப்பது தண்டனைக்குரியது.

“கவலைப்படாதீங்கத்தா, ‘எங்கிட்டச் சுவர் இருக்கு’ன்னு எல்லாரும் வர்றாங்க!” என்றாள் அப்ரின், வெற்றிக் களிப்பில்.

வந்தார்கள். ஹோம்ஸ்டேக்காரர்கள் டஜன் டஜனாக எடுத்தார்கள். நடுவில் ஓட்டை தயாராக இருந்ததால் ஆணியடிப்பது சுலபம். அதற்காகத்தான் ஓட்டை போலும் என்று ஊர் புரிந்துகொண்டது. ஊர்க்காரர்கள் நாங்களும் ஒவ்வொரு தட்டின் கீழும் நின்று படமெடுத்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்ததில் நடுவட்டம் சிவப்பு. ஜன்னல் திரைக்கு அப்படியொரு பொருத்தம்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு, காலையில போட மட்டும்…” என்று பாய் இழுத்தார்.

“போன்லயே இருக்கே அங்கிள்!” என்றது பனியன்.

மறுவாரம் குருநாதன் மறு ஆய்வுக்கு வந்தார்.

“தட்டு ஏதும் மிச்சம் இருக்கா பாய்?”

“இல்லங்க. முள்ளு மட்டுந்தான் கெடக்கு.”

குருநாதன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். முள் இருந்தது. வாசலில் படமெடுக்கக் கூடியிருந்த எங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, திருப்தியோடு எழுதிக் கோப்பை மூடினார்:

‘அனைவரும் சாப்பிட்டு முடித்துவிட்டனர்.’