சத்தமில்லாததற்கு ஒரு சத்தம்

ஜப்பானிய மொழியை மெட்ராஸ் பாஷையில் பேசத் தெரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சீன் சார்.

அவருடைய நிஜப் பெயர் மேனேஜருக்கே மறந்துபோயிருந்தது. எண்ணூர் போகிற சாலையில், கார் உதிரி பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே மொழிபெயர்ப்பாளர். ராயபுரத்துக்காரர். சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது ஜப்பான்கார மாலுமிகளிடமிருந்து காதாலேயே மொழியைப் பிடித்துக்கொண்டவர். அதனால் ஜப்பானிலிருந்து வந்த இன்ஜினியர் ஹயாஷிக்கு அவர் முதல் நாள் சொன்ன வணக்கம், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் கூட்டாளியை அதட்டிக் கூப்பிடுவது போல இருந்ததாம். ஹயாஷிக்கு டீ புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு இவர்தான் வேண்டும்” என்று சொல்லிவிட்டார்.

சாருக்குப் பட்டப்பெயர் வந்தது ஒரு புது பிரஸ் மிஷினால். ஹயாஷி மிஷினைக் காதால் சோதிக்கிறவர். முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்போகிற நாளுக்கு முந்தின மாலை ஏதோ சொன்னார். சார் ஃபோர்மன் ஏழுமலையிடம் மொழிபெயர்த்தார்.

“நாளைக்கு மிஷின் போடசொல்லோ ஷெட்டு ஷீன்னு இருக்கணுமாம். ஹயாஷி சாரு கண்டிஷனா சொல்லிகிறாரு.”

ஏழுமலை பலமாகத் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் சீன் என்றால் பந்தா. மறுநாள் காலை மிஷினுக்கு ரோஜா மாலை, சீரியல் செட், பலூன். வாசலில் மேளக்காரர்கள் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கையுறையோடு உள்ளே வந்த ஹயாஷி அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாய்யா இது?” என்று அலறினார் சார்.

“நீதான சார் சீனா இருக்கணும்னே? பத்தலியா? சரவெடி கீது, கொளுத்தட்டா?” என்றார் ஏழுமலை.

துளிச் சத்தமில்லாமல் ஓர் இடம் அடங்கிக் கிடப்பதைத்தான் ஜப்பானியர்கள் ‘ஷீன்’ என்பார்கள் என்று அன்று தெரிந்துகொண்டோம். அன்றிலிருந்து அவர் சீன் சார்.

கேன்டீனில் ஏழுமலை இந்த விஷயத்தை விடவில்லை.

“சலசலன்னா தண்ணி. மடமடன்னா மரம் முறியறது. காதுல வுழுது, பேர் வெச்சாங்க. சத்தமே இல்லாததுக்கு இன்னாத்துக்கு சார் ஒரு சத்தம்?”

“கம்முனு கெடன்னு சொல்றியே. அந்த கம்மு இன்னா சத்தம் நைனா?”

ஏழுமலை வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அப்ப ரெண்டும் ஒண்ணுதான?”

“அங்கதான் மேட்டரே கீது. கம்முனு இருக்கறது ஆளு. ஷீன்னு இருக்கறது எடம். கூட்டமா பேசிகினே கீறோம், திடீர்னு அல்லாரும் நிறுத்திட்டோம்னு வெச்சுக்கோ. அப்ப காதுக்குள்ள நீட்டமா ஒண்ணு போவும் பாரு, அதான் ஷீன். நீ ஒரு ஜோக் சொல்றே, ஒருத்தனும் சிரிக்கல. அதுவும் ஷீன்தான்.”

இந்தக் கடைசிப் பயன்பாடு அவருக்கே அதிகம் தேவைப்பட்டது. அவருடைய ஜோக்குகள் அப்படி. சொல்லி முடித்து, எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்து, அவரே மெதுவாக “ஷீ…ன்” என்பார். அதற்குத்தான் சிரிப்போம்.

வடசென்னையில் ஷீனுக்கு வழியே இல்லை என்பது அவருடைய தீராத குறை. கன்டெய்னர் லாரி, ரயில், கோயில் மைக், சர்ச் மணி. இவற்றையெல்லாம் மிஞ்ச வீட்டில் ராணியக்கா. சாரின் மனைவி மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அக்கா கரையில் நின்று வஞ்சிரத்துக்கு விலை கூறினால் இன்னும் கரை சேராத படகிலிருந்து பதில் வரும். “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என் வூடு ஷீன்னு இருந்தா போதும்” என்று ஹயாஷியிடம் இரண்டு மொழிகளிலும் புலம்புவார்.

அப்படியிருக்க, அக்காவின் குரல் கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தார்கள். குரல் நாணில் கட்டி என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை முடிந்ததும், சில வாரங்களுக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று உத்தரவு. குரல் திரும்புமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியுமாம். ஏலத்தில் அக்கா நின்ற இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள்.

சார் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டார். ஹயாஷி நீளமாக எதையாவது சொன்னால், இரண்டு வார்த்தையில் முடித்தார்.

“அக்கா எப்படி சார் இருக்காங்க?” என்று கேட்டேன்.

“நல்லா கீறா. தட்டுல கரண்டியால தட்டிக் கூப்புடுறா.” கேன்டீன் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். “வூடு ஷீன்னு கீதுப்பா. உள்ள போவவே பேஜாரா கீது.”

அந்தச் சொல்லை அவர் சிரிப்புக்காக இல்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பக்கத்து மேஜையிலிருந்த ஏழுமலையும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் ஒரு கேரம் போர்டை ஏற்றிக்கொண்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். ஹயாஷியும் வந்தார். ஸ்ட்ரைக்கர் அறைகிற சத்தமும், ‘ஃபவுலு, ஃபவுலு’ என்கிற கூச்சலும் தெருவைத் தூக்கின. ஹயாஷி நான்கு முறை ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளினார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். எல்லா ஞாயிறும் போனோம். “அக்கா பேசிகினு இருந்தப்பவே நிம்மதியா இருந்தோம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பேசிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன ஞாயிறும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். யாரும் காயைத் தொடவில்லை. ஏழுமலை ஸ்ட்ரைக்கரைக் கைக்குள் மூடிக்கொண்டார். சார் பின்கட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடிவந்து அக்காவின் எதிரில் நின்றார். அக்கா குடித்தார். தொண்டையைத் தடவிக்கொண்டார். வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, கிழிந்த துணி மாதிரி ஒரு குரல். “யோவ்… ஈரக் காலோட… வூட்டுக்குள்ள நடக்காதேன்னு… எத்தினி வாட்டி சொல்றது?”

சார் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அக்கா என்ன சொன்னார் என்று ஹயாஷி பதற்றத்தோடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியவரோ எழுந்திருக்கிற நிலையில் இல்லை.

“திட்டுறாங்க சார்! திட்டுறாங்க!” என்று கத்தினார் ஏழுமலை.

ஹயாஷிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று கை தட்டினார்.

அக்கா மறுபடி ஏலத்துக்குப் போகிறார். பழைய குரலில் பாதிதான் இருக்கிறது. அதுவே மற்றவர்களுடையதைவிட அதிகம். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். அவ்வப்போது சாருக்குப் போன் செய்வேன். அவர் பேச ஆரம்பித்ததும் பின்னால் கரகரவென்று அக்கா எதற்காவது அவரைத் திட்டுவது கேட்கும். “இருப்பா, இவ ஒருத்தி” என்று அலுத்துக்கொள்வார். ஆனால் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனதே இல்லை. தள்ளிப் போங்கள் என்று நானும் சொன்னதில்லை.