தறப்பாளுக்குக் கீழே பச்சையம்

இலை ஏன் பச்சை என்று கேளுங்கள், ஒன்றரை மணித்தியாலம் சொல்லுவேன். பதினேழு வருடமாகப் புதுக்குடியிருப்பில் விஞ்ஞான ரியூசன் படிப்பிக்கிறவன் நான். வெயிலில் இலைக்குள் பச்சையம் உண்டாகிறது. அது மற்ற நிறங்களை உறிஞ்சிவிட்டு, பச்சையை மட்டும் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறது. என் மனைவி சிவனேஸ்வரிக்கும் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

போன மாதம் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு அவள் பூவரசங்குளம் புறப்பட்டாள்.

"இஞ்சேருங்கோ, பாத்தியில மிளகாய் நாத்து இப்பதான் முளைச்சு நிக்குது. காலமையும் பின்னேரமும் பூவாளியால தண்ணி விடோணும். மறக்கமாட்டியளே?"

"நான் மறப்பனே?"

"போன வருசமும் இதைத்தான் சொன்னியள். இந்த முறையும் நாத்துச் செத்தா, உங்கட ரியூசன் கொட்டில் எனக்குக் கோழிக்கூடு."

சொன்னால் செய்கிற பெண் அவள். நான் யோசித்தேன். வெயில் பட்டால்தானே ஈரம் காயும்? இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, பாத்தியைத் தறப்பாளால் இறுக்கி மூடினேன். நாலு நாள் கதிரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்தேன். மூளை இருக்கிறவனுக்குப் பூவாளி எதற்கு?

ஐந்தாம் நாள் போன் வந்தது. "நாளைக்கு வாறன்."

ஓடிப்போய்த் தறப்பாளைத் தூக்கினேன். நாற்றையே காணோம், பாத்தி நிறைய வெள்ளை இடியப்பம். வெயில் இல்லையென்றால் பச்சையம் ஏது? நானே படிப்பிக்கிற பாடம்! கொட்டிலுக்குள் கோழி கொக்கரிப்பது இப்போதே கேட்டது. நல்லவேளை, அதே பாடத்தில் மருந்தும் இருந்தது. வெயில் காட்டினால் மூன்று நாளில் பச்சை திரும்பும். உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாரும், அவசரப்படாதையும். தங்கச்சி பாவம், இன்னும் மூண்டு நாள் நிண்டு பாரும்."

"உங்களுக்குச் சுகந்தானே?"

"எனக்கென்ன? நீர் நில்லும்."

"சரி, நிக்கிறன்."

மூன்று நாளும் பூவாளியும் கையுமாகத் திரிந்தேன். உச்சி வெயிலுக்கு ஓலை சாத்தினேன், வெயில் தாழ எடுத்தேன். மூன்றாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை! போன உயிர் திரும்பி வந்தது. கொட்டிலுக்குப் போய்க் கரும்பலகையை ஒருமுறை தடவிக்கொடுத்தேன்.

சிவனேஸ்வரி வந்ததும் வராததுமாகப் பாத்தியைக் குனிந்து பார்த்தாள்.

"என்ன வடிவான பச்சை! நீங்களே வளத்தனீங்கள்?"

"பின்னே?"

"அப்ப நீங்களே பிடுங்குங்கோ. இது குப்பைக்கீரை. உங்களை நம்பி மிளகாயை விடுவனே? எங்கட நாத்து பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வளவில நிக்குது."

நான் கதிரையைத் தேடினேன்.

"நீங்கள் தறப்பாள் போட்ட அண்டைக்கே பேச்சியம்மா போன் எடுத்துச் சொன்னவா. மூண்டு நாள் நிக்கச் சொன்னியளே, நல்லா நித்திரை கொண்டன்."

மிளகாய் தப்பியது, கொட்டிலும் தப்பியது. உண்மையாகவே எனக்குப் பெரிய நிம்மதி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் குந்தினேன். குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"வேரோட பிடுங்குங்கோ மாஸ்டர், வெயில் பட்டா திரும்பவும் பச்சையாகிடும்!"