குரோமியத்துக்குப் பேரம்

கெமிஸ்ட்ரி படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரி தெரியும் என்று நம்புவது, ஜாதகத்தை நம்புவதைவிட ஆபத்தானது. நான் அப்படி நம்பப்பட்டவன். (பட்டம் வாங்கியது உண்மை. அதற்குப் பிறகு நான் செய்த ஒரே வேதிவினை, பாலைத் திரிய விட்டது.)

இண்டூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கூட வந்த தாய்மாமன், மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் தரகர். அதற்குள் சில வீடுகளில் என்னை நாசூக்காகக் கழித்திருந்தார்கள். இந்தப் பெண்ணைப் போட்டோவில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். நல்ல பொருத்தம் என்றார் மாமா. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

தட்டில் மிக்சர் பாதி இருக்கும்போது, பெண்ணின் பிளஸ் ஒன் படிக்கும் தங்கை புத்தகத்தோடு வந்தாள்.

“மாமா, ஆக்சிஜனேற்ற எண் கண்டுபிடிக்கத் தெரியலைங்க.”

அந்த ‘மாமா’வில் மயங்கிப் பேனாவை வாங்கினேன். விதி சுலபம்தான். ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் மைனஸ் இரண்டு. மொத்தம் பூஜ்ஜியமாக வேண்டும். கூட இருக்கும் தனிமம் அந்தக் கடனை அடைக்கும் எண்தான் விடை. கந்தக டை ஆக்சைடில் கந்தகத்துக்கு பிளஸ் நான்கு. சரி. அடுத்து ஒரு குரோமியம், ஐந்து ஆக்சிஜன். ஐயிரண்டு பத்து. பிளஸ் பத்து என்று சபைக்கு அறிவித்தேன். நான்கிலிருந்து பத்துக்கு ஏறிவிட்டேனே என்று மாமா பூரித்து, பெண்ணின் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

காபித் தட்டோடு வந்த பெண் நின்றுவிட்டாள்.

“குரோமியம் குடுக்க முடிஞ்சதே ஆறு எலக்ட்ரான்தாங்க. பத்து எங்கிருந்துங்க குடுக்கும்?”

என் கல்யாணம் அந்த நாலு எலக்ட்ரான் பள்ளத்தின் மேல் தொங்கியது. எத்தனையோ லோடு தக்காளியை இதே மாதிரி கட்டத்தில் முடித்துக் கொடுத்தவர் மாமா. தொண்டையைச் செருமினார்.

“உடு கண்ணு. நீ ஆறுங்கற, பையன் பத்துங்கறான். நடுவால எட்டுன்னு முடிச்சுக்கலாம்.”

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். “எட்டும் வரலாமுங்க” என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கிப் படம் போட்டாள். ஐந்து ஆக்சிஜனில் நான்கு, இரண்டிரண்டாகத் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டிருந்தன. அப்படிக் கைகோத்தால் ஒன்றுக்கு மைனஸ் ஒன்றுதானாம். அந்த நாலும், தனியாக நின்ற ஆக்சிஜனின் இரண்டும் சேர்ந்தால் ஆறு.

“ஆறுதாங்க. நான்தான் தப்பா போட்டுட்டேன்” என்றேன்.

மாமா என் தொடையைக் கிள்ளினார். மண்டியில் இவ்வளவு சீக்கிரம் இறங்கக்கூடாதாம். வேறு இடம் பார்க்கலாம் என்று திரும்பும் பஸ்ஸிலேயே ஆறுதலும் சொல்லிவிட்டார்.

மறுநாள் பெண்ணின் அப்பாவே போன் செய்தார். “எங்க வூட்ல எல்லாருக்கும் சம்மதங்க.” அன்று சோறு இறங்கியது, மூன்று ஆள் சோறு. தன் பேரம்தான் பலித்தது என்று மாமா இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமே காரணம் கேட்டேன்.

“தப்புன்னு தெரிஞ்சதும் எறங்கி வந்தீங்கல்ல. என் கிளாஸ் பசங்க பெல் அடிச்சாலும் எறங்க மாட்டாங்க. வழியில எட்டுல ஒருக்கா நின்னீங்க. அது உங்க மாமன் கணக்குன்னு உட்டுட்டேன்.”

இப்போது எங்கள் மகள் பிளஸ் ஒன். வீட்டில் டிவி சத்தத்துக்கோ குழம்பு உப்புக்கோ வாக்குவாதம் முற்றினால், உள்ளேயிருந்து மகள் குரல் வரும்: “எட்டுன்னு முடிச்சுக்கலாங்களா?”

நான் எட்டில் நிற்பதே இல்லை. நேராக ஆறுக்கு வந்துவிடுகிறேன்.